இடிமேட்டு விஞ்ஞானிகள் அசையாமல் இருந்த கதை

இடிமேட்டுக்காரர்களுக்குப் புத்தி கிடையாது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பிவிடாதீர்கள். புத்தி இருந்தது, தாராளமாகவே இருந்தது. சொன்னதைச் சொன்னபடி செய்வதற்கே அவ்வளவும் செலவாகிவிட்டதால் வேறு எதற்கும் மிச்சமில்லை, அவ்வளவுதான்.

தென்காசிக்கு மேற்கே, மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் இடிமேடு என்று ஒரு கரடு. அதன் உச்சியில் அரசாங்கம் ஒரு மின்னல் ஆராய்ச்சி நிலையத்தைக் கட்டி ஐந்து பேரை வேலைக்கு வைத்திருந்தது. மின்னலைப் பிடித்து அளப்பதுதான் வேலை. தலைமை, இயக்குநர் முனைவர் மாசிலாமணி. நல்ல மனுஷர். எறும்பைக்கூட ஒதுங்கிப் போகச் சொல்லிவிட்டுத்தான் காலை வைப்பார். நிலையத்தின் வாசலில் ஒரு பலகை தொங்கியது: ‘இடி மின்னலின்போது எல்லாக் கருவிகளையும் அணைத்துவிடவும்.’ வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மாசிலாமணி அதை ஒரு தடவைகூட மீறியதில்லை. வானம் கறுத்தால் போதும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய் எல்லாவற்றையும் அணைத்துவிடுவார். இடியெல்லாம் ஓய்ந்து வெயில் அடித்த பிறகுதான் திரும்பப் போடுவார்.

இப்படியாக இருபத்தாறு வருஷத்துத் தெளிந்த வானத்தை அவர் அளந்து வைத்திருந்தார். அதில் மருந்துக்குக்கூட ஒரு மின்னல் இல்லை. “நம்ம மலைக்கு மேல மின்னலே வெட்டுறதில்லைங்கிறத நாம நிரூபிச்சிருக்கோம்” என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்க்க வரும்போதெல்லாம் சொல்லுவார். சொல்லி முடிப்பதற்குள் ஒன்று வெட்டும். பிள்ளைகளை விட்டுவிட்டு அணைக்க ஓடுவார்.

இந்த நிலையம் ஓர் உலகக் கூட்டாய்வில் சேர்ந்திருந்தது. நார்வேயில் ஒரு நிலையம், ஜப்பானில் ஒன்று, கென்யாவில் ஒன்று, சிலி நாட்டில் ஒன்று. எல்லாரும் அவரவர் மின்னலைக் கொண்டுவந்து ஒன்றாகப் போட்டு ஆராய்வார்கள். நம்மவர்கள் வெயிலைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். மற்ற நாட்டுக்காரர்கள் எத்தனை காலம் பொறுப்பார்கள்? அந்த வருஷக் கூட்டத்தில் கடைசி விஷயமாக ஒரு வரி சேர்த்துவிட்டார்கள்: ‘இடிமேடு நிலையத்தைக் கூட்டாய்விலிருந்து நீக்குவது பற்றி.’

நீக்கினால் கதை முடிந்தது. கூட்டாய்வில் இடமில்லாத நிலையத்துக்குச் சம்பளம் எதற்கு என்று மேலிடம் கேட்கும். ஐந்து பேரையும் ஐந்து ஊருக்குத் தூக்கியடித்துவிட்டு, கட்டடத்தைக் கோழிக்குஞ்சு பொரிக்கிற துறைக்குக் கொடுத்துவிடுவதென்று அங்கே பேச்சும் முடிந்துவிட்டது. கோழித் துறைக்காரர் ஒருவர் வந்து மாசிலாமணியின் நாற்காலியிலேயே உட்கார்ந்து, “இந்த ரூம்ல நல்ல சூடு சார், முட்டைக்கு இதமா இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு மாசிலாமணிக்கு இறங்கவில்லை. மின்னலைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறொன்றும் தெரியாது. மின்னலும் தெரியாது என்பது அவருக்குத் தெரியாது.

ஒரே ஒரு வழி இருந்தது. அந்த வருஷம் கூட்டத்தை நடத்தும் முறை இடிமேட்டுக்கே வந்திருந்தது. பாதி நேரில், பாதி திரையில் நடக்கிற கலப்புக் கூட்டம். கூட்டத்தை ஒரு குறையும் இல்லாமல் நடத்திக் காட்டினால் நீக்குகிற மனசு யாருக்கு வரும் என்று மாசிலாமணி கணக்குப் போட்டார். அந்த நேரம் பார்த்து நார்வேயிலிருந்து கூட்டாய்வின் செயலாளர் இங்கிரிட் அம்மையாரின் மின்னஞ்சல் வந்தது. அதில் முக்கியமான சங்கதி ஒன்றுதான்: ‘நேரில் இருப்பவர்களுக்கு எந்தச் சலுகையும் கூடாது. திரையில் இருப்பவர்களுக்கு என்ன கிடைக்கிறதோ அதுவே நேரில் இருப்பவர்களுக்கும். இதைக் கண்டிப்பாகப் பின்பற்றவும்.’

கண்டிப்பாக என்று எழுதியதுதான் அந்த அம்மா செய்த தப்பு.

மாசிலாமணி உடனே கூட்டம் போட்டார். துணை இயக்குநர் வடிவாம்பாள் மின்னஞ்சலை நின்றுகொண்டு வாசித்தார். விதி என்று எழுதியிருந்தால் உட்கார்ந்து வாசிக்க அந்த அம்மாளுக்கு மனசு வராது. கோட்பாட்டுக்காரர் ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவர் கண்ணை மூடினால் பெரிய கேள்வி ஒன்று வருகிறது என்று அர்த்தம்.

“திரையில வர்றவங்களுக்கு இடுப்புக்குக் கீழ என்ன இருக்கு?” என்றார்.

கணினியைப் பார்த்துக்கொள்ளும் சொர்ணலிங்கம்தான் யோசித்துச் சொன்னார். “இங்கிரிட் அம்மாவ எத்தனையோ தடவ பாத்திருக்கேன் சார். நெஞ்சு வரைக்கும்தான் உண்டு.”

“ஜப்பான்காரர்?”

“அவருக்குக் கழுத்து வரைக்கும்தான்.”

“அப்படின்னா நேர்ல வர்ற ஆளு ரெண்டு காலோட வந்து உட்காந்தா?”

“சலுகைதான்” என்றார் வடிவாம்பாள் உடனே. “காலுங்கிறது சின்ன சலுகையா? நெனச்சா எந்திரிச்சுப் போயிரலாம்லா?”

நிர்வாக அலுவலர் தவசிமுத்துவுக்கு வியர்த்துவிட்டது. “அதுக்காக வர்றவங்க கால எடுக்கவா முடியும்? நமக்கு அதிகாரம் இல்லையேய்யா.”

“எடுக்க வேண்டாம்” என்றார் மாசிலாமணி. “மறைச்சாப் போதும்.”

நாலு பேரும் அவரை நிமிர்ந்து பார்த்தார்கள். இயக்குநர் என்றால் சும்மாவா!

ஆசாரியைக் கூப்பிட்டு, ஆளுக்கு ஒன்றாக ஒட்டுப்பலகையில் கூண்டு செய்யச் சொன்னார்கள். முன்பக்கம் தலையும் நெஞ்சும் தெரிகிற அளவுக்கு ஒரு ஜன்னல். உள்ளே ஒரு ஸ்டூல். “டிக்கெட் கொடுக்கிற எடமா சார்?” என்று கேட்டார் ஆசாரி. “சர்வதேசக் கூட்டம்யா” என்றார் தவசிமுத்து. ஆசாரி அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. கூலி வருமா என்று மட்டும் கேட்டார்.

கால் முடிந்ததும் காற்று வந்தது. நேரில் இருப்பவர்களுக்கு ஃபேன் சுற்றும். அந்தக் காற்று நார்வே வரைக்கும் போகுமா? போகாது. அப்போது இங்கேயும் ஃபேன் கூடாது. ஜன்னல் காற்று? அதுவும் போகாது. ஜன்னலையும் சாத்திவிடுவதென்று ஒரே மனதாக முடிவானது. இந்தச் சமத்துவத்தில் அவர்கள் எவ்வளவு தீவிரமாக இருந்தார்கள் தெரியுமா? உலகத்தின் அந்தக் கோடியில் இருப்பவருக்கு ஒரு குறை வந்துவிடக் கூடாதென்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். தினமும் நிலையத்தைப் பெருக்க வருகிற மாடத்திக்குத் தனி டம்ளர் ஒன்று பின்வாசலில் கவிழ்த்து வைத்திருந்தது. அதை யாரும் பேச்சில் எடுக்கவில்லை. அதைப் பற்றி இங்கிரிட் ஒன்றும் எழுதவில்லையே.

சாப்பாட்டுக்குத்தான் பெரிய விவாதம் நடந்தது. நேரில் வரப்போகிறவர் ஒரே ஒருத்தர், பெங்களூரிலிருந்து பார்வையாளராக வருகிற பேராசிரியர் ரகோத்தம ராவ். அவருக்கு இலை போட்டு விருந்து வைக்கத் தவசிமுத்து ஏற்பாடு செய்திருந்தார். வடை, பாயசம், அவியல், எல்லாம்.

“திரையில இருக்கிறவங்களுக்குப் பசிக்குமா பசிக்காதா?” என்று ஆரம்பித்தார் வடிவாம்பாள்.

“பசிக்கும்” என்றார் ஆவுடையப்பன். “ஆனா அங்க பசிக்கும். இங்க பசிக்காது.”

“அவங்க முன்னாலயும் ஒரு இலை போடுவோம்” என்றார் தவசிமுத்து. “டிவிக்கு முன்னால மேசை போட்டு நாலு இலை. நாலு பேருக்கும் பரிமாறிருவோம்.”

“போட்டா? அவங்களால சாப்பிட முடியுமா?”

“முடியாது. பாக்க முடியும்.”

ஆவுடையப்பன் கண்ணை மூடினார். எல்லாரும் காத்திருந்தார்கள். “அவங்களுக்குக் கிடைக்கிறது பார்வை மட்டும். அப்ப ராவ் சாருக்கும் பார்வை மட்டும்தான் கிடைக்கணும்” என்றார்.

“இலை நெறைய வைப்போம்” என்று தவசிமுத்து ஆறுதலாகச் சொன்னார். “நல்லாப் பாக்கட்டும்.”

விருந்து சமைப்பதென்றும், பரிமாறுவதென்றும், யாரும் தொடக் கூடாதென்றும் முடிவாயிற்று. மாசிலாமணிக்கு மனசு நிறைந்துவிட்டது. இத்தனை நுணுக்கமாக எந்த நாட்டுக்காரன் யோசிப்பான்?

பிறகுதான் சொர்ணலிங்கம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். “சார், நெட்டு மெதுவானா திரையில இருக்கிறவங்க ஸ்டக் ஆயிருவாங்க. வாயத் தொறந்தபடி அப்படியே நிப்பாங்க. நமக்கு மட்டும் ஒண்ணும் ஆகாது.”

வடிவாம்பாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். “எவ்வளவு பெரிய சலுகை! நல்லவேள, இப்பவாவது சொன்னீங்களே!”

அதற்கும் வழி கண்டார்கள். சொர்ணலிங்கம் கையில் ஒரு வெண்கல மணியைக் கொடுத்தார்கள். திரையில் யாராவது ஸ்டக் ஆனால் அவர் ஒரு தடவை மணியடிக்க வேண்டும். உடனே அறையில் இருப்பவர்கள் எல்லாரும் இருந்தது இருந்தபடி ஸ்டக் ஆகிவிட வேண்டும். கண்ணைக்கூட அசைக்கக் கூடாது. திரை சரியானதும் அவர் இன்னொரு மணியடிப்பார். அப்போதுதான் அசையலாம்.

“அறையில இருக்கிற எல்லாரும்னா எல்லாரும்தான்” என்று வடிவாம்பாள் அழுத்திச் சொன்னார். “யாருக்கும் விதிவிலக்கு கெடையாது.” எல்லாரும் தலையாட்டினார்கள். சொர்ணலிங்கமும் ஆட்டினார்.

மாசிலாமணி வீட்டிலும் விடாமல் பழகினார். ஒருநாள் காலையில் தோசையைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்து வாய்க்குக் கொண்டுபோகிற நேரம், தெருவில் பால்காரர் சைக்கிள் மணி அடித்தது. மனுஷர் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டார். கையிலிருந்து சட்னி சொட்டியது. மனைவி சண்பகவடிவு அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள்.

“ஏங்க? ... ஏங்க, என்னங்க? ஐயையோ, யாராவது ஓடி வாங்களேன்! இவுகளுக்கு வாய் கோணிக்கிட்டு நிக்குதே!”

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் முகத்தில் தண்ணீர் அடித்தார். இன்னொருவர் உள்ளங்காலைத் தேய்த்தார். ஆட்டோவுக்கும் ஆள் போனது. ஆளைத் தூக்கப்போகிற நேரம் பால்காரர் திரும்பிப் போகிறபோது இன்னொரு மணியடித்தார். மாசிலாமணி தோசையை வாயில் போட்டு மென்றார்.

“ஒத்திகை” என்றார்.

“நல்லா இருக்கு உங்க ஒத்திக!” சண்பகவடிவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. “தாலி அறுந்துருச்சுன்னுல்லா நெனச்சேன் பாவி மக. ஊரு உலகத்துல எல்லாரும் ஆபீசுக்குப் போறாக. இப்படியா?”

“நெலையம் போயிரும்டி” என்றார் மாசிலாமணி. “கூட்டத்துல ஒரு தப்பு வந்தாப் போதும், எல்லாம் போயிரும். என்னைய எந்த ஊருக்கு அனுப்புவாகளோ. எனக்கு வேற என்ன தெரியும் சொல்லு.”

அவளுக்கு மனசு இளகிவிட்டது. இன்னொரு தோசை போட்டுக் கொடுத்தாள்.

நிலையத்தில் நடந்த ஒத்திகையையும் சொல்லிவிட வேண்டும். திரையில் வருகிறவர்களாக நடிக்க வடிவாம்பாளும் ஆவுடையப்பனும் மடிக்கணினியோடு பக்கத்து அறைக்குப் போனார்கள். கதவு திறந்தே கிடந்தது. மாசிலாமணி மைக்கில் “வணக்கம்” என்றார். அது அந்த அறைக்குப் போய், அங்கிருந்து கதவு வழியாகத் திரும்பி வந்து, மறுபடி மைக்கில் நுழைந்து, நூறு வணக்கமாகப் பெருகி, கடைசியில் ஒரே ஊளையாகக் கட்டடத்தை ஆட்டியது. ஜன்னலில் இருந்த காக்கா பறந்தே போய்விட்டது.

நம்மவர்கள் ஒலிபெருக்கியை அணைத்தார்களா? அணைக்கவில்லை. இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக அவர்கள் கருவியில் ஏதோ ஒன்று பதிவாகியிருக்கிறது! “வானத்திலேர்ந்து வருது!” என்று கத்தினார் ஆவுடையப்பன். ஓடிப்போய்ப் பதிவு செய்தார்கள். மாசிலாமணி வாயைத் திறக்கும்போதெல்லாம் அது வருகிறது, மூடினால் நின்றுவிடுகிறது என்பதைச் சோதித்தும் பார்த்தார்கள். ‘இயக்குநர் பேசும்போது மட்டும் தோன்றும் விண் அலை’ என்று ஆவுடையப்பன் உடனே ஒரு கட்டுரை எழுதத் தொடங்கினார். கூட்டத்தில் அதையே சாதனையாகச் சொல்வதென்று முடிவானது. மாசிலாமணிக்கு அன்று நன்றாகத் தூக்கம் வந்தது.

கூட்ட நாள் வந்தது. ராவ் மலையேறி வந்து சேரும்போதே களைத்திருந்தார். சர்க்கரைக்காரர், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று வந்ததும் சொன்னார். “அருமையா ஏற்பாடு பண்ணியிருக்கோம் சார்” என்று தவசிமுத்து அவரைக் கூண்டுக்குள் ஏற்றி உட்கார வைத்தார்.

“இது எதற்கு?” என்றார் ராவ்.

“உங்களுக்குக் கால் இருக்கே சார்” என்றார் வடிவாம்பாள் மரியாதையாக.

நம்ம ஊரில் கூட்டம் என்றால் பொன்னாடை இல்லாமல் முடியுமா? ராவுக்குக் கூண்டு ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஒன்றைப் போர்த்தினார்கள். திரையில் நாலு நாட்டுக்காரர்கள் இருந்தார்களே, அவர்களுக்கு? அவர்களுக்கும் உண்டு. டிவியின் உச்சந்தலையில் நாலு பொன்னாடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தி, முகம் மட்டும் தெரிகிற மாதிரி ஒதுக்கிவிட்டார்கள். மிச்சத் துணி பின்பக்கமாகத் தொங்கி, அங்கே விளக்கு மினுக்கிக்கொண்டிருந்த இன்டர்நெட் பெட்டியையும் கழுத்து வரைக்கும் போர்த்திவிட்டது. அதையும் யாரோ விருந்தாளி என்று நினைத்துத் தவசிமுத்து அதற்குக் கும்பிடு போட்டார்.

மாசிலாமணி வரவேற்றார். பக்கத்து அறையில் ஆள் இல்லாததால் ஊளை வரவில்லை. அவர் மறுபடி மறுபடி “வணக்கம், வணக்கம்” என்று சொல்லிப் பார்த்தார். திரையில் இருந்தவர்களும் நாகரிகமாகத் திரும்பத் திரும்ப வணக்கம் சொன்னார்கள். விண் அலை மட்டும் வரவில்லை. சாதனை என்று சொல்லிக்கொள்ள இனி ஒன்றுமில்லை.

மத்தியானம் இலை போட்டுப் பரிமாறினார்கள். டிவிக்கு முன்னால் நாலு, கூண்டுகளுக்கு முன்னால் ஆறு. நெய் மணம் சாத்திய அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. ராவ் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வடையை எட்டினார். வடிவாம்பாள் இலையை எட்டாத தூரத்துக்கு நகர்த்தினார்.

“பார்வைக்கு மட்டும் சார்.”

“எனக்குச் சர்க்கரை இறங்குகிறது அம்மா!”

“சிலிக்காரருக்கும் ஒண்ணும் போகலையே சார். அவரு ஏதாச்சும் சொல்றாரா, பாருங்க.”

ராவ் எழுந்தார். கூண்டு அவரோடு சேர்ந்து எழுந்தது. அதை உதறிக் கீழே போட்டுவிட்டு, பொன்னாடை தோளில் கிடக்க, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் மலையிறங்கினார். அடிவாரத்துப் பரோட்டாக் கடையில் அவர் நாலு பரோட்டா சாப்பிட்டுவிட்டு முதல் பஸ்ஸில் ஏறியதாகப் பிறகு கேள்விப்பட்டோம். அதற்குப் பின் இடிமேடு என்ற பேரை யார் எடுத்தாலும் எழுந்து போய்விடுவாராம்.

“நான் அப்பவே சொன்னேன்லா” என்றார் வடிவாம்பாள். “கால் இருந்தா இப்படித்தான்.”

ஐந்து பேரும் அவரவர் கூண்டுக்குள் ஏறி உட்கார்ந்தார்கள். கடைசியாக அந்த விஷயம் வந்தது. இங்கிரிட் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: “இடிமேடு நிலையம். இத்தனை வருஷத்தில் ஒரு மின்னலும் தரவில்லை. நீக்கிவிடலாம் என்று நாலு நிலையங்களும் கருதுகின்றன. ஆனால் உங்கள் பக்கத்தைக் கேட்காமல் நாங்கள் நீக்க முடியாது. அது நம் விதி. டாக்டர் மாசிலாமணி, உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?”

மாசிலாமணி வலது கையைத் தூக்கினார். ‘உண்டு’ என்று சொல்ல வாயைத் திறந்தார்.

அந்தச் சமயம் பார்த்து, பொன்னாடைக்குள் வெந்துகொண்டிருந்த இன்டர்நெட் பெட்டி ஒரு நொடி மூச்சுத் திணறியது. திரையில் இங்கிரிட் கண்ணாடியைத் தொட்டபடி நின்றுவிட்டார்.

டங்!

ஐந்து பேரும் ஸ்டக் ஆனார்கள். மாசிலாமணி கை பாதி தூக்கி, வாய் பாதி திறந்து. வடிவாம்பாள் ஒரு விரலை நீட்டி. ஆவுடையப்பன் கண்ணை மூடி. தவசிமுத்து குனிந்து கும்பிட்டபடி. சொர்ணலிங்கம் மணியை உயர்த்திப் பிடித்தபடி.

பெட்டி உடனே சரியாகிவிட்டது. இங்கிரிட் அசைந்தார். பேசினார். “ஹலோ? டாக்டர் மாசிலாமணி?”

இப்போது இரண்டாவது மணி அடிக்க வேண்டும். அடிக்க வேண்டியவர் சொர்ணலிங்கம். ஆனால் சொர்ணலிங்கமும் அறையில் இருக்கிறவர்தானே? விதிவிலக்கு யாருக்கும் கிடையாது. அவர் கை அசையக் கூடாது. அசைந்தால்தான் மணி அடிக்கும். மணி அடித்தால்தான் அசையலாம். மனுஷர் மணியைத் தூக்கிப் பிடித்து விறைத்துப்போய் இருந்தார்.

“கேட்கிறதா? ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆட்சேபம் உண்டா இல்லையா?”

மாசிலாமணிக்கு எல்லாம் கேட்டது. ஒரே ஒரு வார்த்தை. வாய்கூடத் திறந்துதான் இருந்தது. குரல் மட்டும் வர வேண்டும். தன் நாற்காலியை நினைத்தார், இருபத்தாறு வருஷத்தை நினைத்தார், சண்பகவடிவை நினைத்தார். ஆனாலும் அவர் வாழ்நாளில் ஒரு விதியை மீறியவர் இல்லை. வலது கண்ணிலிருந்து ஒரு சொட்டு நீர் உருண்டு இறங்கியது. அது அசைவில் சேருமோ என்று வேறு அவருக்குப் பயம் வந்துவிட்டது.

திரையில் இருந்தவர்கள் பொறுத்துப் பார்த்தார்கள். ஃபேன் இல்லை, காற்று இல்லை, இலையில் சோறு அப்படியே இருக்கிறது, ஒரு துணி நுனிகூட ஆடவில்லை.

“படம் நின்றுவிட்டது” என்றார் ஜப்பான்காரர்.

“பாவம், மலை உச்சி” என்றார் கென்யாக்காரர். “இணைப்பு போய்விட்டது.”

இங்கிரிட் பெருமூச்சு விட்டார். “கேட்காமல் நீக்க முடியாது. அவர்கள் இணைப்பு சரியாகும்வரை முடிவை நிறுத்தி வைக்கலாம். அதுவரை நிலையம் இருந்துவிட்டுப் போகட்டும்.”

திரை அணைந்தது. ஐந்து பேரும் அப்படியே இருந்தார்கள். வெயில் சாய்ந்தது. அவியலில் ஈ உட்கார்ந்தது. கடைசியில் அடிவாரத்து ரோட்டில் பஞ்சுமிட்டாய்க்காரர் மணியடித்துக்கொண்டு போனார். அந்தச் சத்தம் மேலே வந்ததும் ஐந்து பேரும் பொத்தென்று கூண்டோடு சாய்ந்தார்கள்.

மறுநாள் இங்கிரிட்டின் மின்னஞ்சல் வந்தது: ‘உங்கள் இணைப்பு பழுதாகிவிட்டது. அது சரியாகிவிட்டதாக நீங்கள் நிரூபிக்கும்வரை உங்களை நீக்கும் முடிவு நிறுத்தி வைக்கப்படுகிறது.’

இதைவிட நல்ல சேதி ஒரு மனுஷனுக்கு வர முடியுமா? சும்மா இருந்தால் போதும். ஆயுசுக்கும் சும்மா இருக்கலாம். மாசிலாமணி இரண்டு தடவை வாசித்தார். முகம் சிவந்துவிட்டது.

“நம்ம இணைப்பு பழுதாமே!”

“யாரு சொன்னா?” சொர்ணலிங்கம் கொதித்தார். “கண்ணு மாதிரி பாத்துக்கிட்டிருக்கேன் சார் நான்!”

“அசையாம இருந்தது நாம” என்றார் வடிவாம்பாள். “விதிப்படி இருந்தோம். பேரு மட்டும் இணைப்புக்கா? உடனே எழுதுங்க சார்.”

“எழுதினா நம்புவாகளா? வெறும் பேச்சுக்கு அறிவியல்ல மதிப்பில்ல” என்றார் ஆவுடையப்பன். கண்ணை மூடினார். மூடியே வெகுநேரம் இருந்தார். “இணைப்பே இல்லாம நாம அசையாம இருந்து காட்டணும். அப்ப, அசையாததுக்குக் காரணம் இணைப்பு இல்லைன்னு ஆயிருதுல்லா?”

மாசிலாமணி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இன்டர்நெட் பெட்டியைப் பிடுங்கி வைத்துவிட்டு, அதே கூண்டுகளில், அதே கை, அதே வாயோடு உட்கார்ந்தார்கள். கேமராவை ஓடவிட்டுச் சொர்ணலிங்கம் மணியடித்தார். சாயங்காலம் பஞ்சுமிட்டாய்க்காரர் வருகிறவரைக்கும் ஐந்து பேரும் இமைக்கவில்லை. அந்த முழு வீடியோவையும் பெட்டியைத் திரும்ப மாட்டி நார்வேக்கு அனுப்பினார்கள். கூடவே மாசிலாமணி ஒரு வரி எழுதினார்: ‘நிரூபணம் இணைக்கப்பட்டுள்ளது. உடனே முடிவெடுக்கவும்.’

பதில் இரண்டு நாளில் வந்தது: ‘வீடியோ கிடைத்தது. படம் இன்னும் அசையவில்லை. சரிசெய்துவிட்டு அனுப்பவும். முடிவு நிறுத்தி வைப்பு தொடர்கிறது.’

“பாத்தீங்களா!” என்று மேசையில் அடித்தார் வடிவாம்பாள். “நாம அசையலைன்னு அந்த அம்மாவே ஒத்துக்கிடுது. பிறகும் இணைப்பைத்தான் குத்தம் சொல்லுது!”

அன்றிலிருந்து மாதம் தவறாமல் ஒரு வீடியோ போகிறது. மாதம் தவறாமல் அதே பதில் வருகிறது. நிலையம் அங்கேயே இருக்கிறது, சம்பளம் வருகிறது, இடி இடித்தால் எல்லாக் கருவியும் அணைகிறது. மாசிலாமணிக்கு மட்டும் உலகத்து விஞ்ஞானிகள் மேல் வரவர நம்பிக்கை குறைந்துகொண்டே போகிறது. போன வாரம்கூட, கூண்டுக்குள் ஏறி உட்கார்ந்து, கையைப் பாதி தூக்கி, வாயைத் திறப்பதற்கு முன்னால் மற்ற நாலு பேரையும் பார்த்துக் கண்டிப்பாகச் சொன்னார்:

“போன தடவ தவசிமுத்து மூச்சு விட்டது லேசாத் தெரிஞ்சிருக்கு. அதுலதான் அவங்களுக்குச் சந்தேகம். இந்தத் தடவ இன்னும் கொஞ்சம் அசையாம இருப்போம். அப்பவாவது நம்புறாங்களான்னு பாப்போம்.”